குடலிறக்கம்: அறுப்பதினின்று கட்டுவதற்கு வந்த வரலாறு

நம்மவரிடையே சில நோய்களுக்குப் பெயர் உண்டு, பேச்சு இல்லை. காய்ச்சல், தலைவலி என்றால் ஊரறியச் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வோம். ஆனால் தொடைச்சந்தில் ஒரு புடைப்புத் தோன்றி, நின்றால் தெரிந்தும் படுத்தால் மறைந்தும் வருமானால், அதனைக் கட்டிய மனைவியிடமும் சொல்லக் கூசும் ஆடவர் பலர். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையால் அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பாரஞ் சுமந்து உழைத்தவர்களைக் கண்டோர் நம்முள் இன்றும் இருப்பர். குடலிறக்கம் என்றும், ஓதம் என்றும், அண்டவாதம் என்றும் பலவாறு வழங்கப்பட்ட இந்நோயின் வரலாறு, அறுவை மருத்துவத்தின் வரலாற்றையே சுருக்கிக் காட்டும் ஒரு கண்ணாடியாகும். அதனை ஈண்டு ஓரளவு ஆராய்வோம்.

முதலில் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும். குடல் முதலிய உறுப்புகளை வயிற்றறைக்குள் தாங்கி நிற்பது தசைகளும் தசைநார்த் தகடுகளும் சேர்ந்த ஒரு சுவர். அச்சுவரில் மெலிந்த இடமோ, இயற்கையான வாயிலோ உண்டு. இருமும்போதும், முக்கும்போதும், பாரந் தூக்கும்போதும் உள்ளே அழுத்தம் மிகும். அவ்வழுத்தத்தால் வயிற்றின் உள்ளுறைச் சவ்வு ஒரு பைபோல வெளியே பிதுங்க, அப்பைக்குள் குடலோ கொழுப்போ வந்து விழுவதே குடலிறக்கம். தொப்புளிலும், பழைய அறுவைத் தழும்பிலும், தொடையின் மேற்புறத்திலும் இது வரலாம். எனினும் மிகப் பெரும்பாலும் வருவது தொடைச்சந்தில்தான். ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்கும், பெண்டிருள் 3 பேருக்கும் வாழ்நாளில் என்றேனும் ஒருமுறை இத்தொடைச்சந்து இறக்கம் வருகிறது என்பது இக்காலக் கணக்கு.

ஆடவர்க்கு இது மிகுவதற்குக் காரணம் அவர்தம் உடலமைப்பே. கருவில் வயிற்றுக்குள் இருக்கும் விரைகள், பிறப்புக்குச் சில மாதம் முன்னர், அடிவயிற்றுச் சுவரில் சாய்வாக அமைந்த ஒரு வழியே கீழிறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றுச் சவ்வில் ஒரு பகுதியையும் பையாக இழுத்துக்கொண்டு வருகின்றன. அப்பை பின்னர் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது மூடுவதில்லை. திறந்து கிடக்கும் அவ்வழியே குடல் இறங்குகிறது. முதியவர்க்கோ, வழியின் பின்சுவரே நைந்து பிதுங்குவதும் உண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு என்று அறிய மனிதகுலத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பண்டையோர் கண்டது

இந்நோயைப் பண்டைய மருத்துவர் அறியாதிருக்கவில்லை. கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்திய ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே, இருமும்போது வயிற்றின்மேல் எழும் வீக்கம் குறிக்கப்பட்டுள்ளது என்பர். நம் பாரத நாட்டின் சுசுருத சங்கிதையோ இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. விரைப் பகுதியில் தோன்றும் வீக்கங்களை அது ஏழாகப் பிரித்து, அவற்றுள் குடல் இறங்குவதால் வருவதைத் தனியே நிறுத்துகிறது. பாரஞ் சுமத்தல், தன்னினும் வலியாரோடு மற்போர் புரிதல், மரத்தினின்று விழுதல் ஆகியவற்றை அதற்குக் காரணமாகக் கூறுகிறது. அமுக்கினால் ஒலியோடு மேலே செல்லும், விட்டால் மீண்டும் புடைக்கும் என்று அடையாளமும் தருகிறது. விரைப்பை வரை இறங்கிவிட்டதைத் தீராதது என ஒதுக்கி, அதற்கு முந்திய நிலையில் தொடைச்சந்தில் சூடிடும்படி விதிக்கிறது. இயன்றதையும் இயலாததையும் பிரித்துரைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

உரோம நாட்டில் கி.பி. முதல் நூற்றாண்டில் நூலெழுதிய செல்சஸ், சிறு பிள்ளைகளுக்குக் கத்தியை எடுக்குமுன் துணிப்பந்து வைத்துத் தைத்த கட்டுப்பட்டையை முயன்று பார்க்கச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் காலென், வயிற்றுச் சவ்வு கிழிவதாலோ நைந்து விரிவதாலோ இந்நோய் வருகிறது என்றார். பிரிட்டிஷாரிடையே பாமர வழக்கில் இந்நோய்க்கு இன்றும் 'கிழிதல்' என்ற பொருளுடைய பெயரே வழங்குவது அக்கொள்கையின் எச்சம் எனலாம். ஆனால் கிழிந்தது எது, எங்கே, எவ்வாறு என்று உடலை அறுத்துப் பார்க்க அந்நாளில் வாய்ப்பில்லை. காரணம் தெரியாத இடத்தில் கருவி முந்திக்கொண்டது.

விரையை இழந்தோர்

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஜினாவின் பவுல் என்னும் கிரேக்க மருத்துவர், விரைப்பை வரை இறங்கிய குடலிறக்கத்துக்குப் பையைக் கட்டி அறுக்கும்போது விரையையும் சேர்த்து அகற்ற வழிசொன்னார். அடைப்பானுக்கு வழியின்றி வாசலையே பெயர்த்தெறிந்தது போன்றது இது. இம்முறை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. பட்டம் பெற்ற மருத்துவர் கத்தியைத் தொடுவது இழிவு எனக் கருதிய காலத்தில், ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த நாவிதரும் அறுவைக்காரரும் இத்தொழிலை நடத்தினர். மயக்கமருந்து இல்லை, தூய்மை பற்றிய அறிவும் இல்லை. அறுத்த மறுநாளே அடுத்த ஊருக்குப் போய்விடுபவர்க்கு, அறுபட்டவன் பிழைத்தானா என்பதும் தெரியாது. தன் செயலின் விளைவைத் திரும்பிப் பாராத தொழிலில் அறிவு வளராது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் அக்கூட்டத்திலிருந்தே அறிவுடையோர் இருவர் எழுந்தனர். ஒருவர் பிரெஞ்சுக்காரர் பியேர் பிராங்கோ. பிதுங்கிய குடல் வாயிலில் நெரிபட்டு உயிருக்கு ஊறு நேரும்போது, அந்நெரிப்பை விடுவிக்கும் அறுவையை அவர் 1556ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். மற்றவர் ஜெர்மானிய நாட்டு லிண்டாவு நகரத்துக் காஸ்பர் ஸ்ட்ரோமாயர். 1559இல் வண்ணப் படங்களோடு அவர் எழுதிய சுவடி, தொடைச்சந்து இறக்கத்தில் இருவகை உண்டு என்பதையும், ஒருவகைக்கு விரையை அகற்ற வேண்டியதே இல்லை என்பதையும் எடுத்துரைத்தது. ஆயினும் அச்சுவடி 350 ஆண்டுகளுக்கும் மேலாக அச்சேறாமல் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் வீணே விரையிழந்தோர் எத்தனை பேரோ! எழுதி வைப்பது மட்டும் போதாது, பரப்பவும் வேண்டும் என்பதை ஆசிரியராயினோர் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒரு சிறுவனும் ஓர் அரசியும்

18ஆம் நூற்றாண்டு இலண்டனில் இரண்டே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துக் காண்பது பயனுடையது.

1735ஆம் ஆண்டு டிசம்பரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், கிளாடியஸ் அமியாண்டு என்னும் அறுவை வல்லுநர் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்தார். குடலிறக்கப் பையினின்று மலம் கசியும் புண் அவனுக்கு இருந்தது. பையைத் திறந்தால், உள்ளே குடல்வால் கிடந்தது. அவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதனைத் துளைத்திருந்தது. அமியாண்டு குடல்வாலை அகற்றினார். மயக்கமருந்து இல்லாத அந்நாளில் ஏறக்குறைய அரைமணி நேரம் நடந்த அவ்வறுவையைச் சிறுவன் தாங்கினான், பிழைத்தான். குடல்வாலை அறுத்தகற்றியதாக ஏட்டில் பதிவான முதல் அறுவை இதுவேயாகும்.

1737ஆம் ஆண்டு நவம்பரில், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலின் அரசியார் கடும் வயிற்றுவலியால் படுத்தார். தம் கடைசி மகப்பேற்றை ஒட்டி, 1724 முதலாகவே அவருக்குத் தொப்புளில் குடலிறக்கம் இருந்தது. அதனை மன்னர் அறிவார், மருத்துவர் அறியார். நோயுற்ற பின்னும் அரசியார் அதனை வெளியிடவில்லை. வயிற்றுக் கோளாறு என்றெண்ணி மருத்துவர் மருந்து மேல் மருந்தாகக் கொடுத்தனர். இறுதியில் மன்னரே மறையை உடைத்தார். அறுவை மருத்துவர் ஜான் ரான்பி வந்து அறுத்தார். காலம் கடந்துவிட்டது, நெரிபட்ட குடல் வெடித்தது. நவம்பர் 20ஆம் நாள் அரசியார் உயிர் நீத்தார்.

ஏழைகளின் மருத்துவமனையில் ஒரு சிறுவன் பிழைத்தான். அரண்மனையில் ஓர் அரசி மாண்டார். முன்னவனுடைய நோய் மருத்துவர் கண்முன் இருந்தது. பின்னவருடையது பட்டாடைக்குள் மறைந்திருந்தது. அக்காலத்து அறுவை முறையில் அரசியார் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்லவியலாது. ஆனால் நாணம் அவருடைய வாய்ப்பை முன்னரே பறித்துவிட்டது என்று சொல்லலாம்.

உடற்கூறு அறிந்த காலம்

இதன் பின்னர் உடற்கூற்று ஆய்வு ஓங்கியது. விரை இறங்கும் வழியை ஹாலரும் ஹண்டர் உடன்பிறப்பினரும் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினர். பெர்சிவல் பாட் 1756இல் இந்நோய் பற்றித் தனிநூல் எழுதினார். 1804இலும் 1807இலும் இங்கிலாந்தில் ஆஸ்ட்லி கூப்பர், 1809இல் இத்தாலியில் ஸ்கார்ப்பா, ஜெர்மனியில் ஹெஸ்ஸல்பாக் ஆகியோர் வெளியிட்ட நூல்களும் படங்களும் தொடைச்சந்தின் ஒவ்வோர் அடுக்கையும் காட்டின. இன்றும் மருத்துவ மாணவர் அப்பகுதியின் தசைநார்களையும் முக்கோணத்தையும் இவர்கள் பெயராலேயே கற்கின்றனர்.

வரைபடம் கிடைத்தது, ஆனால் பயணம் செய்ய இயலவில்லை. வலியும் சீழும் வழிமறித்தன. குடல் நெரிபட்டாலன்றி ஒருவரும் கத்தியை நாடவில்லை. ஏனையோர் இரும்பு வில்லும் தோலும் கொண்ட இடுப்புப் பட்டையை வாழ்நாள் முழுதும் அணிந்து காலந் தள்ளினர்.

1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதர் மயக்கத்தைப் பலரறியச் செய்து காட்டினார். 1867இல் லிஸ்ட்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். வலியும் சீழும் அடங்கின. லிஸ்ட்டரிடம் பயின்று திரும்பிய அமெரிக்கர் ஹென்றி மார்சி, 1871இல் அமிலத்தில் தோய்த்த நரம்புநூல் கொண்டு குடலிறக்க வாயிலைத் தைத்ததை அறிவித்தார். இனித் தொல்லை தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர். தீரவில்லை. பெயர் பெற்ற மருத்துவமனைகளிலேயே மூன்றில் ஒரு பங்கினருக்கு மீண்டும் குடல் இறங்கிற்று. பையைக் கட்டி அறுத்தனர், தோலைத் தைத்தனர், ஆனால் பை வெளிவந்த சுவரை அப்படியே விட்டனர். ஓட்டைக் குடத்தில் ஒழுகிய நீரைத் துடைத்துவிட்டு ஓட்டையை மறந்த கதைதான்.

பஸ்ஸினி கண்ட வழி

இவ்விடத்தில்தான் எதுவார்தோ பஸ்ஸினியின் வரலாறு வருகிறது. 1844இல் இத்தாலியின் பவியாவில் பிறந்த இவர், 1866இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நாட்டை ஒன்றுபடுத்தக் கரிபால்டி எழுப்பிய விடுதலைப் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. இளைஞர் பஸ்ஸினி மருத்துவராக அன்றிப் போர்வீரராகவே அதிற் சேர்ந்தார். 1867 அக்டோபர் 23ஆம் நாள் உரோமுக்கு அருகே வில்லா குளோரி என்னுமிடத்தில், கைரோலி உடன்பிறப்பினர் தலைமையில் சென்ற எழுபதுக்குச் சற்று மேற்பட்ட வீரர், போப்பாண்டவரின் படையோடு மோதினர். அம்மோதலில் பகைவனது துப்பாக்கி ஈட்டி பஸ்ஸினியின் வலத் தொடைச்சந்தில் பாய்ந்தது. சிறைப்பட்ட அவருக்குக் குடல் துளைபட்டு, மலம் கசியும் புண்ணாயிற்று. மாதக்கணக்கில் கிடந்து, பவியாவில் தம் பேராசிரியர் லூயிஜி போர்த்தாவின் பராமரிப்பில் தேறினார்.

ஈட்டி பாய்ந்த அதே இடத்தை ஆராய்வதே பின்னாளில் அவர் வாழ்நாட் பணியாயிற்று! வியன்னாவில் பில்ராத், பெர்லினில் லாங்கன்பெக், இலண்டனில் லிஸ்ட்டர் எனப் பேராசான்களை நாடிச் சென்று கற்று, பதுவாவில் பேராசிரியரானார். அவர் கேட்ட கேள்வி எளியது: பெரும்பாலோர்க்குக் குடல் ஏன் இறங்குவதில்லை? அவ்வழி சாய்வாக அமைந்திருப்பதும், அதற்கு முன்சுவரும் பின்சுவரும் உறுதியாக இருப்பதுமே காரணம் எனக் கண்டார். ஆகவே இயற்கை அமைத்ததை மீண்டும் அமைப்பதே மருத்துவம் எனத் துணிந்தார். வழியை முழுதும் திறந்து, பையை அடிவேரில் கட்டி அகற்றி, உள்ளிருக்கும் மூன்று அடுக்குகளையும் ஒருசேரச் சேர்த்து, கீழேயுள்ள உறுதியான தசைநாரோடு தைத்துப் பின்சுவரைப் புதிதாக எழுப்பினார். விரை நாணை அதன் மேல் வைத்து முன்சுவரை மூடினார்.

1884இல் தொடங்கிய இம்முறையை 1887இல் இத்தாலிய அறுவை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1890இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது 262 அறுவைகளின் கணக்கைத் தந்தார். அவற்றுள் மீண்டும் இறங்கியவை பத்துக்கும் குறைவு. அறுவை முடிந்த நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து தேடிப் பார்த்துக் கணக்கெடுத்ததே இதன் தனிச்சிறப்பு. அன்று ஊர்சுற்றிய அறுவைக்காரன் செய்யத் தவறியதை இவர் செய்தார்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்பாரும் ஒத்த முறையொன்றைத் தாமே கண்டார். கிருமிநாசினியால் கை புண்பட்ட செவிலி கரோலின் ஹாம்ப்டனுக்காக அவர் இரப்பர்க் கையுறை செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார். ஹால்ஸ்டெட்டின் மாணவர் பிளட்குட், கையுறை அணிந்து செய்த 450க்கு மேற்பட்ட குடலிறக்க அறுவைகளில் சீழ்ப்பிடித்தல் வெகுவாகக் குறைந்ததை 1899இல் மெய்ப்பித்தார். செவிலியின் கையைக் காக்க வந்த உறை நோயாளியின் உயிரைக் காப்பதாயிற்று.

நகலில் தேய்ந்த பாடம்

பஸ்ஸினியின் முறை உலகெங்கும் பரவிற்று. பரவும்போது தேய்ந்தும் போயிற்று. மூன்று அடுக்குகளில் அடியிலுள்ள மெல்லிய தகட்டைத் திறந்து சேர்ப்பதே அதன் உயிர்நாடி. அவசரப்பட்டோர் அதனை விட்டுவிட்டு, மேலே கண்ட தசையை மட்டும் இழுத்துத் தைத்து, அதற்கும் பஸ்ஸினியின் பெயரையே இட்டனர். குடல் மீண்டும் இறங்கியபோது பழி பஸ்ஸினியின் மேல் விழுந்தது. மனம் பொறாத அவர் மாணவர் கத்தெரீனா, 1930களில் தம் ஆசான் செய்தவாறே படிப்படியாகப் படம் வரைவித்து நூலாக்கினார். கனடாவில் டொரான்டோ நகரத்து ஷோல்டைஸ், அந்த அடித்தகட்டைத் திறந்து அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை வளர்த்து, 1945இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அந்தந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுத்ததும், நோயாளியை உடனே எழுந்து நடக்கச் செய்ததும் அவர் முறையின் சிறப்புகள். அம்மருத்துவமனையில் மீண்டும் இறங்குவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே.

எவ்வளவு திறமாகத் தைத்தாலும், விலகி நிற்கும் தசைகளை இழுத்துச் சேர்ப்பதால் தையலில் ஒரு விறைப்பு உண்டு. அதனைப் போக்க ஒட்டுத்துணி போடுவதே வழி என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. ஹூஸ்டன் நகரத்து அஷர் 1958 முதல் பிளாஸ்டிக் இழை வலைகளைப் பயன்படுத்தினார். விரைவில் பாலிபுரோப்பிலீன் வலை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லிக்டன்ஸ்டைன், தசையை இழுக்காமலே வலையைப் பரப்பித் தைத்து, 1000 நோயாளருள் ஒருவருக்கும் மீளவில்லை என 1989இல் அறிவித்தார். பின்னர்ச் சிறு துளைகள் வழியே குழாய்க் கருவி செலுத்தி உட்புறமிருந்து வலை வைக்கும் முறையும் வந்தது. வலை வைத்தபின் சிலர்க்கு நீங்கா வலி எஞ்சுவதுண்டு. ஆதலின் எவர்க்கு எம்முறை என்பதை மருத்துவரோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

கொசுவலை தந்த விடை

மருத்துவ வலையின் விலை ஏழை நாடுகளுக்குப் பெருஞ்சுமை. மகாராஷ்டிரத்துத் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் மருத்துவம் செய்த தொங்காவ்கர், நம் வீடுகளில் தொங்கும் கொசுவலைத் துணியும் ஏறக்குறைய அதே வகை இழைதானே என்று எண்ணினார். அதனை வெட்டி, கழுவி, முறைப்படி கிருமி நீக்கிப் பயன்படுத்திய அனுபவத்தைத் தோழர்களோடு 2003இல் வெளியிட்டார். சிலர் ஐயுற்றனர். ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 302 ஆடவரிடம் இருவகை வலைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஏறக்குறைய 1 டாலர் விலையுள்ள கொசுவலையும், 125 டாலர் விலையுள்ள மருத்துவ வலையும் ஓராண்டுக்குப் பின் ஒத்த பயனையே தந்தன. அறிவு உயர்ந்த மாடங்களிலிருந்து மட்டும் இறங்கி வருவதில்லை. தேவையுள்ள இடத்திலும் முளைக்கும்.

இன்று உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட தொடைச்சந்து அறுவைகள் நடைபெறுகின்றன. எல்லாருக்கும் உடனே கத்தி வேண்டும் என்பதுமில்லை. தொல்லை மிகச் சிறிதாயிருந்த 720 ஆடவரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வொன்று, மருத்துவர் கண்காணிப்பில் காத்திருத்தல் தீங்கற்றது என 2006இல் காட்டிற்று. ஆயினும் காத்திருந்தோருள் நூற்றுக்கு 68 பேர் பத்தாண்டுக்குள் பெரும்பாலும் வலி காரணமாக அறுவையையே நாடினர் என்பதை 2013இல் வந்த தொடர்ச்சி தெரிவித்தது. பெண்டிர்க்குத் தொடையின் மேற்புறத்தில் வரும் இறக்கம் எளிதில் நெரிபடும். அதில் காத்திருத்தல் ஆகாது. யாராயினும், உள்ளே போகாத புடைப்பும், கடும் வலியும், வாந்தியும் சேர்ந்து வருமானால் அந்த மணியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சுசுருதர் சூட்டுக்கோலோடு நின்ற இடத்திலிருந்து கொசுவலை வரை வந்த இந்நெடுவழியில், மருத்துவர் கேள்வியை மாற்றியபோதெல்லாம் நோய் பின்வாங்கியது. எதனை அறுப்பது என்று கேட்டவரை நோயாளி உறுப்பிழந்தார். எதனைக் கட்டியெழுப்புவது என்று கேட்டபின் நலம் பெற்றார். மருத்துவர் தம் பங்கைச் செய்துவிட்டனர். நோயை மறைக்கும் நாணத்தை நீக்குவது மட்டும் கத்தியால் ஆகாத செயல். அது நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும், உடலைப் பற்றி ஒளிவின்றிப் பேசும் நல்ல தமிழால் ஆக வேண்டியது. கரோலின் அரசியார் பதின்மூன்று ஆண்டுகள் மறைத்ததை நம் தோட்டத்து முதியவர் ஒருவர் ஒரே நாளில் தம் மகனிடம் சொல்லுவாரானால், இவ்வரலாற்றைப் படித்ததன் பயன் அதுவேயாகும்.